நாற்பத்து மூன்று பள்ளங்கள்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன்.
இது யானை இல்லை.
கடைவாசலைத் தாண்டி முதல் சுற்றுவட்டத்தில் திரும்புவதற்குள்
நாலாயிரம் பிராங் கரைந்துவிடும் என்று
விற்ற பையனே சொன்னான்,
சாவியைக் கையில் தந்த பிறகு.

சின்ன உடம்பில் பெரிய வண்டியின் முகம்.
காட்டாற்றைக் கடக்கப் பிறந்ததுபோல முறைக்கும்.
ஏழு வருடத்தில் அது ஏறிய மலை
லாங்கன்தாலில் மிக்ரோ கடையின் மேல்தளப் பார்க்கிங்.
எப்போதாவது, பனி இல்லாத ஞாயிறில், கொஞ்சம் எம்மென்தால்.

மூன்று வருடம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.
நான்காம் வருடம் சலவைக்கூடத்தில் பின்நேர வேலை முடிந்து வர
கண்ணாடி இடுக்கில் ஓர் அட்டை:
உங்கள் காரை வாங்குகிறோம். எந்த நிலையிலும்.
எந்த நிலையிலும் என்பதை
வீடுவரை யோசித்துக்கொண்டு ஓட்டினேன்.
பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது.
கழுவிவிட்டால் இரண்டு.

ஷ்கும்பினின் வளவு நீடர்பிப்பில்,
நெடுஞ்சாலை இரைச்சலுக்குக் கீழே.
கறுப்புக் கோப்பி தந்தான். சீனி வேணுமா என்று கேட்கவில்லை.
சேர்விஸ் புத்தகத்தைச் சாதகம்போலப் புரட்டினான்:
முத்திரை, முத்திரை, முத்திரை, முத்திரை,
ஒரு வெற்றுக் கட்டம்,
முத்திரை, முத்திரை.
"இந்த வருடம்?"
"அந்த வருடம் அவ்வளவாக ஓடவில்லை."
மீட்டர் வேறு கதை சொன்னது.
அவன் பென்சிலால் ஏதோ எழுதினான், அவ்வளவுதான்.

விழாமல் பிடித்து வைத்திருப்பவையும் உண்டு என்றான். நியாயமான ஆள்.
பெற்றோல் எஞ்சின். சிகரெட் மணம் இல்லை.
(மிளகாய்த்தூள் பார்சல் உடைந்த கதையை நான் எடுக்கவில்லை.)
நிலவறையில் பனிக்கால ரயர் நாலு, கிட்டத்தட்டப் புதிது.
எல்லாவற்றையும்விட அந்த இருக்கை,
இடுப்பு உயரத்தில். குனியவும் வேண்டாம் ஏறவும் வேண்டாம்.
"இந்த நாட்டில் முழங்கால் நோகிற ஆட்கள் இருக்கும்வரை
இதற்கு விலை இருக்கும்."
முழங்காலை நம்பி நிற்கிற வியாபாரம்.
என் வலது கால் அந்தக் கணக்கில் சேர்ந்து இரண்டு வருடம்.

பிறகு நீள விளக்கொன்றைச் சாய்த்துப் பிடித்தான்.
ஒளி வழுக்கிப்போன இடமெல்லாம் பள்ளம் எழும்பிற்று.
ஆனி மாதத்து ஆலங்கட்டி, ஆறே நிமிடம்.
காப்புறுதிக்காரர் எண்ணிப் பணம் தந்தார்.
நான் திருத்தவில்லை.
அந்தக் காசில் கடைவாய்ப் பல் இரண்டு கட்டினேன்.
கூரையின் பள்ளம் வாயின் பள்ளத்தை நிரப்பிற்று.
இன்றுவரை நன்றாகக் கடிக்கிறேன்.

"நாற்பத்து மூன்று. ஒன்றுக்கு முப்பது பிராங் கழிப்பேன்."

காப்புறுதித் தாளில் நாற்பத்தொன்று.

மற்ற இரண்டையும் எனக்குத் தெரியும்.
பேர்ண் பெரியாஸ்பத்திரி, நிலத்தடிப் பார்க்கிங்,
வெற்றுக் கட்டத்து வருடம்.
வானமே இல்லாத இடம்.
சாரதிக் கதவுக்கு மேலே, கைமுட்டி எட்டுகிற உயரத்தில்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு.
தூரத்தில் ரிக்கெற் மெஷின்
யாரோ போட்ட சில்லறையைத் துப்பிக்கொண்டே இருந்தது.

சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.
சொன்னாலும் ஆலங்கட்டிக்குப் போட்ட விலையைத்தான் போடுவான்.
என் பங்கு அறுபது பிராங்.
மலிவு.

ஐயாயிரத்து எண்ணூறு என்றான். ஆறாயிரம் என்றேன்.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்தில் இருவரும் களைத்தோம்.
தாள்களை எண்ணி வைத்துவிட்டு
ஆணி முறுக்கி இலக்கத் தகடு இரண்டையும் கழற்றித் தந்தான்.
இங்கே அது வண்டியோடு போவதில்லை,
ஆளோடுதான்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
முன்தகட்டில் போன கோடையின் பூச்சிகள்
இறக்கையோடு காய்ந்திருந்தன.
பக்கத்தில் இருந்த பெண் கோட்டை ஒதுக்கிக்கொண்டாள்.
தகரம் வலது முழங்காலில் குளிர்ந்தது.
நல்ல சுகமாக இருந்தது, அப்படியே வைத்திருந்தேன்.