மாதம் ஒரு மில்லிமீட்டர்

கார்கிவ் நகரில், சால்திவ்காவில்,
ஜன்னல் கண்ணாடி போய்ப் பலகை வந்துவிட்ட
ஒரு மூன்றாம் மாடியில்
கோணல் பற்களை நேராக்குகிறார்கள்.
தேதி எழுதித் தருவது என் வேலை.

அடுத்த ஆண்டு டைரி கடைக்கு வரவே இல்லை.
பழைய கணக்கு நோட்டொன்றில்
ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டேன்.
ஜனவரி. பிப்ரவரி. மார்ச்.
ஏப்ரலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.
யாரைக் கேட்டு ஏப்ரல் போடுகிறேன்?

உள்ளே டாக்டர் நோனா பொஹ்தானிவ்னா
சுரங்கத் தொழிலாளி போல நெற்றி விளக்கோடு
ஒரு பன்னிரண்டு வயது வாய்க்குள் குனிந்திருக்கிறார்.
மின்சாரம் போய் நாற்பது நிமிடம்.
மாடிப்படியில் ஜெனரேட்டர் இருமுகிறது.
"முரட்டுத்தனமாய் இழுத்தால் வேர் செத்துவிடும்"
என்கிறார், யாரிடமென்று தெரியவில்லை.
"மெல்லத் தள்ளணும், விடாமல் தள்ளணும்.
முன்னால் இருக்கிற எலும்பு கரைந்து வழிவிடும்.
பின்னால் புது எலும்பு வந்து உட்காரும்.
மாதம் ஒரு மில்லிமீட்டர்."

எல்லையிலிருந்து இங்கே வர
ராக்கெட்டுக்கு ஒரு நிமிடம் போதுமாம்.
ஸ்லாத்தாவின் கோரைப்பல் தன் இடத்துக்கு வர
இருபத்தொரு மாதம்.
சுவரில் ஒரே கடிகாரம்தான் இருக்கிறது,
அது ஆறு நிமிடம் பிந்தி ஓடுகிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்கிறது ரேடியோ.
டாக்டருக்கு அதைக் கேட்டாலே கோபம்.
"ஊரே ராத்திரியில் பல்லைக் கடிக்கிறது!
மாட்டிவிட்ட கம்பியெல்லாம் காலையில் உடைந்து வருகிறது."

சங்கு ஊதினால் நடைகூடத்துக்கு ஓடுவோம்,
தெருவுக்கும் நமக்கும் நடுவே இரண்டு சுவர் வேண்டும்.
பஞ்சு அடைத்த வாயோடு பிள்ளைகள்
தரையில் வரிசையாய், எச்சில் ஒழுக,
யாருடைய ரப்பர் வளையம் என்ன நிறம் என்று
பல்லைக் காட்டிப் பந்தயம் வைக்கிறார்கள்.
தொலைவில் ஏதோ விழுகிறது.
பச்சை ஜெயித்தது.

தின்னக் கூடாதவை என்று ஒரு பட்டியல் தருவேன்.
மிட்டாய், சூயிங்கம், சூரியகாந்தி விதை.
நம்பிக்கை என்ற சொல்லையும்
நான் அந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தேன்.
பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

இன்று ஸ்லாத்தாவின் அப்பா வந்தார்.
சீருடை இன்னும் மடிப்புக் கலையவில்லை.
இருபத்தொரு மாதத் தவணையையும்
ஒரே கட்டாய் மேசையில் வைத்தார்.
"மாதாமாதம் கட்டினால் போதும்" என்றேன்.
"தெரியும்" என்றார்.
எண்ணினேன். பாதியில் தப்பிப்போய்
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
"கம்பி கழற்றும் நாள் என்றைக்கு?
தேதி வேண்டும்."

நோட்டைத் திறந்து காட்டினேன்.
மார்ச்சோடு முடிந்திருந்தது.
நடுவிலுள்ள மாதங்களை வரையாமல்
அந்த மாதத்துக்குப் போக வழியில்லை.
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு
ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
ஜூனில் ஒரு நாளை விட்டுவிட்டேன்,
அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.
நவம்பரில் பென்சில் முனை உடைய
சட்டைப் பையிலிருந்து கத்தியெடுத்துச் சீவிக் கொடுத்தார்.
இன்னோர் ஆண்டு தொடங்கியது.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
கோடு, கோடு, கோடு.

ஸ்லாத்தா கன்னத்தைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.
வலிக்கிறதா என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு
நோட்டை எட்டிப் பார்த்தாள்.
"எப்போ நான் விதை கொறிக்கலாம்?"

செப்டம்பர், அதற்கடுத்த ஆண்டு.
வயலில் புது விதை உதிரும் மாதம்.
செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி.
அப்பா அதைத் தன் தொப்பியின் உட்பக்கம்
பேனாவால் எழுதிக்கொண்டார்.
நான் பென்சிலில்தான் எழுதினேன்.
அழுத்தி எழுதினேன்,
அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கிறது.