உவர்மலைக் கணக்கு

ஆவணி பிறந்தும் கச்சான் ஓயவில்லை.
துறைமுகத்தைத் தாண்டி மேலேறி வரும் காற்று
கொடியில் போட்ட சாரத்தைப் பத்து நிமிடத்தில்
அப்பளமாக்கிவிடுகிறது.

நான் மீற்றர் பார்ப்பவன்.
நீர் வழங்கல் சபை, பன்னிரண்டு வருடம்.
வீட்டுக்கு வீடு மூடியைத் தூக்கி
சிலந்தியை ஊதி விலக்கி
இலக்கம் எழுதுவேன்.
குறிப்பு நிரலில் ‘நாய்’, ‘கேற் பூட்டு’, ‘கசிவு’.
எமல்டா ரீச்சரின் றோசாக்கள்
மாதம் ஆறு அலகு குடிக்கும்.
முடக்கு வீட்டு ஒப்பந்தகாரரின் புல்தரை
பதினொன்று குடித்தும் பழுத்துக் கிடக்கும்.
பூக்களின் பெயர் எனக்கு அப்போது தெரியாது.
தாகம் தெரியும்.

எங்கள் வளவிலும் கிணறு இருக்கிறது.
மலையின் பெயரைக் கேட்டாலே
தண்ணீர் எப்படியென்று விளங்கும்.
சவர்க்காரம் நுரைக்காது.
தயாபரி அதை ஊற்றி வளர்த்த செம்பரத்தை
இலையோரம் கருகி வைகாசியில் போனது.
கண்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்
கொண்டுவந்த அந்தூரியம்
மூன்று நாள்.

பிறகு நட்டதெல்லாம் கேட்காத சாதி.
வேலியோரம் அலரி, வெள்ளையும் சிவப்பும்.
கேற்றடியில் போகன்விலா,
கம்பி போட்டுக் கட்டினாலும்
தன்பாட்டுக்குச் சாயும்.
நிலாவெளி வீதியில், உப்பளத்துக்குக் கிட்ட நின்ற
ஆவரசில் காய் பிடுங்கி
சைக்கிள் பைக்குள் போட்டு மறந்து
மாரிக்கு முந்தித்தான் நினைவு வந்து ஊன்றினேன்.
அடினியம் மட்டும் காசுக்கு:
பெருத்த அடிக்குள் தன் தண்ணீரைத்
தானே பதுக்கும் கஞ்சப் பயல்.

நடுவதென்றால் ஐப்பசியில் நட வேண்டும்.
மாரி முழுக்க வேர் கீழே போகட்டும்.
பங்குனியில் இரண்டு வாளி, சித்திரையில் ஒன்று,
அதற்குப் பிறகு
கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
அதுதான் கஷ்டம்.
அடியில் சருகும் தென்னந்தும்பும் பரப்பினேன்.
பாம்பு வரும் என்றாள் தயாபரி.
வந்தது. ஒன்று. பார்த்துவிட்டுப் போய்விட்டது.

போகன்விலா காய்ந்தால்தான் பூக்கும்,
தண்ணீர் விட்டால் இலையாய்த் தள்ளும்.
இதைச் சொன்னதும் கந்தோரில் புவிராஜ்
‘மனிசரும் அப்பிடித்தான் அண்ணை’ என்று தலையாட்டினான்.
இல்லைத் தம்பி.
பவுசருக்குக் குடத்தோடு நின்ற வரிசையில்
ஒருவரும் பூத்து நான் பார்க்கவில்லை.

இம்முறை எங்கள் வீட்டு மீற்றரில்
ஒரு அலகு கூட.
ஆயிரம் லீற்றர்.
குழாய்களைத் திருகினேன், தாங்கியைத் தட்டினேன்,
எல்லாவற்றையும் பூட்டிவிட்டு
சின்னச் சக்கரம் அசைகிறதா என்று
குந்தியிருந்து பார்த்தேன்.
அசையவில்லை.
செடிகளுக்கடியில் மண்ணைக் கிளறினேன்.
பொடி.
தயாபரி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்,
நிமிராமல்.

அன்றிரவு ஒன்றரை மணிக்கு
சீமெந்தில் குளம்புகள்.
ஜன்னலால் பார்த்தால் கேற் திறந்து கிடக்கிறது.
புள்ளிமான்கள், நாலோ ஐந்தோ,
பகலில் பஸ் நிலையத்தில்
வாழைப்பழத் தோல் தின்று திரிகிறவை.
ஒன்றின் கொம்பில் நீலப் பொலித்தீன்.
பின்பக்கத்து உடைந்த தொட்டிக்குள்
முகத்தை விட்டுக் குடித்தன.
குட்டி ஒன்று அலரியை முகர்ந்து
தும்மிவிட்டு விலகியது.
போகன்விலாவின் கீழ்க்கிளை
பூவோடு போனது.

முதுகுக்குப் பின்னால் அவளும் விழித்திருந்தாள்.
‘எவ்வளவு காட்டினது?’
‘ஒண்டு.’
‘அவ்வளவுதானே.’

பழக்கதோஷம், வகுத்துப் பார்த்தேன்.
நாளுக்கு முப்பத்திரண்டு லீற்றர்.
இரண்டு பெரிய வாளி,
நான் குறட்டை விடும் நேரத்தில்
இருட்டில், இடுப்பு வலியோடு.

காலையில் புழுக்கைகளைக் கூட்டி
மொட்டையாய் நின்ற போகன்விலாவின் அடியில் போட்டேன்.
ஆவரசில் முதல் மஞ்சள்,
யாரும் கேட்காமல்.
புத்தகத்தைத் திறந்து
எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே
குறிப்பு நிரலில் பேனையை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
‘தோட்டம்’ என்று எழுதினேன்.