சாட்சியின் வினைச்சொல்

துவாஸ் கப்பல் பட்டறையில் சாரம் சரிந்த வழக்கு.
கூண்டில் இசக்கிராஜ்,
இடது கையில் இன்னும் மாவுக்கட்டு.
வாக்குமூலத்தின் ஒன்பதாம் வரியை
வழக்கறிஞர் லிம் ஆங்கிலத்தில் வாசிக்கிறார்:
கடவுள் அங்கே இருந்தார்.

அந்த ‘அங்கே’ இவன் சொன்னதாக இராது.
ஆங்கிலத்தில் எதுவும் இருக்க வேண்டுமென்றால்
முன்னாலோ பின்னாலோ ஒரு தேர் வேண்டும்,
தேர் இஸ், தேர் வாஸ் என்று.
வடம் பிடிப்பது என் வேலை.

“எந்தத் தளத்தில் இருந்தார்?
வேறு யாராவது பார்த்தார்களா?”
அறையில் சிரிப்பு. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
கேள்வியைத் தமிழில் சொன்னேன்
சிரிப்பை விட்டுவிட்டு.

அவன் கட்டைத் தடவிக்கொண்டான்.
“தப்பா எழுதிட்டாவம்மா.
இருந்தாருன்னா, பொறவு போயிட்டாருன்னு ஆயிரும்லா.
இருந்தது சுடலை. எனக்கு ரெண்டு பலகை தள்ளி.
அவந்தான் போயிட்டான்.
சாமி உண்டுன்னு சொன்னேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.”

உண்டு.
உயர்நிலை இரண்டில், இலக்கணப் பயிற்சித்தாளின் அடியில்
ஒற்றை வரியாகக் கிடந்தது.
நேற்றா நாளையா என்று கேட்காது,
அவனா அவளா அதுவா என்றும் கேட்காது.
‘இரு’ அப்படியில்லை.
உட்கார் என்கிறது, பொறு என்கிறது,
சில நேரம் இரண்டு என்று எண்ணவும் செய்கிறது.
அதற்குள் ஒரு நாற்காலியும் கடிகாரமும் கிடக்கின்றன.
கடவுளை அதில் உட்காரவைத்த பிறகுதான்
எழுந்து போனாரா என்ற சண்டையே.

ஒலிவாங்கியில் சிவப்புப் புள்ளி எரிகிறது.
பன்னிரண்டு வினாடி.
என் வாயில் அந்தச் சொல்லுக்கு
ஆங்கிலத்தில் ஒரு கிண்ணமும் அகப்படவில்லை.
“ஆம் என்கிறார்” என்றேன்.
எந்தக் கேள்விக்கு என்று
யாரும் கேட்கவில்லை. தட்டச்சு ஓடியது.

மதியம், ஹாங் லிம் உணவங்காடி.
நூறு முதுகு, ஒரே ஒரு காலி நாற்காலி.
அதற்கு முன்னால் மேசையில்
ஒரு டிஷ்யூ பொட்டலம்.
தட்டோடு போய் நின்றேன்.
பக்கத்தில் மீன் சூப்பிலிருந்து தலை தூக்காமலே
ஒருவர் சொன்னார்:
“இங்க ஆள் உண்டும்மா.”

இரண்டு மணிக்கு மறுபடி அமர்வு.
தூணோரம் நின்றபடியே உண்டு முடித்தேன்.
ஆள் வரவில்லை.
வேறு யாரும் உட்காரவுமில்லை.