நீக்கப்படாதது போலவே

செத்த கம்பெனிக்கும் கரண்ட் பில் வந்துகொண்டிருந்தது.
காவேரிப்பட்டணம் மின்வாரியத்துக்கு
யாரும் சாவு சொல்லி அனுப்பவில்லை.
இரண்டு மாதத்துக்கொருமுறை குறைந்தபட்சக் கட்டணம்.
நான்தான் கட்டினேன். ஏனென்று கேட்டால்
அப்போது பதில் இருந்திருக்காது.

மூன்று வருடம் கணக்குத் தாக்கல் இல்லை.
நோட்டீஸ் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போயிருக்கிறது.
பதிவாளர் ஒரு கோடு இழுத்தார்.
தென்பெண்ணை பழக்கூழ் பிரைவேட் லிமிடெட்
பட்டியலில் எங்கோ நடுவில்.

தெரிந்தது கிருஷ்ணகிரி கோர்ட்டில்தான்.
தவளை வயிறுபோல் உப்பிய
ஒன்பதாயிரத்து இருநூறு டின்களுக்கு
டின் செய்தவன்மேல் நஷ்டஈடு கேட்டிருந்தோம்.
எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார், சிரிக்கவில்லை:
"வாதி உயிரோடு இல்லை ஐயா."
என் கையில் டின்களின் போட்டோ.
சுவரெல்லாம் மாங்கூழ் தெறித்த கிடங்கின் போட்டோ.
உட்காரச் சொன்னார்கள்.

"விட்டுத் தொலை நாகவேணி" என்றான் திம்மராயன்.
பர்கூரில் இப்போது பஞ்சர் கடை.
ஆனாலும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான்,
டியூப் முக்கும் தொட்டியின் விளிம்பில் வைத்து.
இயக்குநர் என்ற சொல்லின்மேல்
ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர்.

சென்னைத் தீர்ப்பாயத்தில் ஒரே கேள்வி:
பெயரை நீக்கிய நாளில் தொழில் நடந்ததா?
மின்கட்டண ரசீதுகளைப் பரப்பினேன்.
வாட்ச்மேன் மாதையனின் சம்பள வவுச்சர்கள்,
மாதம் தவறாமல், கைநாட்டோடு.
உறுப்பினர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
உயிர் என்பது அங்கே
அவ்வளவுதான், போதுமானதாயிருந்தது.

பெயர் ஒருபோதும் நீக்கப்படாதது போலவே
கம்பெனி தொடர்வதாகக் கருதப்படும்.
ஆம்பூர் தாண்டும்வரை அந்த வரியையே படித்தேன்.
போலவே.
அபராதம், தாமதக் கட்டணம், ஆடிட்டர் பழைய பாக்கி,
கார் வாங்க வைத்திருந்த பணம் போயிற்று.
போகட்டும். இனி டின்காரன் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுவாரம் கேட்டில் கெம்பம்மா.
நாகரசம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்திருக்கிறாள்.
"உசுரு வந்துடுச்சாமே?"

போன வருஷம் இதே கேட்டில்
நான் அவளிடம் சொல்லியிருந்தேன்:
"கம்பெனியே இல்லீங்க. யார் மேல கேஸ் போடுவீங்க?"
பொய் இல்லை.
கோர்ட்டில் எனக்குச் சொன்னதைத்தான்
அவளுக்குச் சொன்னேன்.
ஆனால் சொன்னபோது நாக்கு கொஞ்சம் இனித்தது.

அவள் சண்டை போடவில்லை.
மஞ்சள் பையிலிருந்து பால் கவர்,
பால் கவருக்குள் எடைச் சீட்டு.
பெங்களூரா மாங்காய். எங்கள் ரப்பர் ஸ்டாம்ப்.
மை பறந்துபோய் வெறும் தாள் மாதிரி இருந்தது.
"எனக்குக் கண்ணு தெரியல, நீயே படி" என்றாள்.

தெரியவில்லை என்று நானும் சொல்லியிருக்கலாம்.
பதினேழாம் தேதி வாய்தா, வக்கீல் ஃபீஸே இன்னும் பாக்கி.

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்.
ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
படிக்க முடிந்தது.