மூன்று கோடுகள்

லமாரா,
நீ கொடுத்த அட்டையில் மூன்று கோடுகள்தான் இருக்கின்றன.
'இந்த ஆண்டு படித்ததில் பிடித்தவை.'
பதினொரு புத்தகம் எடுத்தேன்.
பதினொன்றுக்கும் இருபத்திரண்டு முறை
அந்தப் பெட்டியில் ஏறி இறங்கினேன்.
அதற்கும் ஒரு கோடு போட்டிருக்கலாம் நீ.

பிப்ரவரியில் பாலம் போயிற்று, பேருந்தும் நின்றது.
எங்கள் கரைக்கும் உன் நூலகத்துக்கும் நடுவே
மிஞ்சியது ஒரு கம்பிவடம்.
சோவியத் காலத்தில் சுரங்கத்துக்கு ஆளேற்றிய பெட்டி.
என் வயதுதான் அதற்கும்,
என்னைவிட அதிகம் முனகும்.
ஜும்பெர் கதவைச் சாத்தி வெளியே கொக்கி மாட்டுவார்.
நான் தரையில் உட்கார்ந்துகொள்வேன்.
யாராவது கேட்டால் முழங்கால் வலி என்பேன்.
முழங்கால் வலிக்கிறவள் தரையில் உட்காரமாட்டாள் என்று
இமெரெத்தி மலையில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் புத்தகம் தேனீ வளர்ப்பு.
என்னிடம் தேனீ கிடையாது,
கைக்கு எட்டியது அதுதான்.
புகை போட்டால் தேனீ ஓடுவதில்லையாம்.
வீடு எரிகிறதென்று நினைத்து
வயிறு முட்டத் தேன் குடிக்குமாம்.
அந்த ஒரு வரியையே அக்கரை வரும்வரை படித்தேன்,
ஆறு நிமிடம்.
அடுத்த முறை
ஒரு முழு காச்சாபுரி தின்றுவிட்டு ஏறினேன்.
அது உதவவில்லை.

துப்பறியும் நாவலில் கடைசி இரண்டு தாள் இல்லை.
கொன்றது யாரென்று ஜும்பெரிடம் கேட்டேன்.
படித்ததே இல்லை அவர்,
'மருத்துவர்' என்றார் யோசிக்காமல்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.

எதற்கும் அஞ்சாத பெண்ணின் கதை ஒன்று,
நீயே எடுத்துக் கொடுத்தாய்.
அதைத் தூக்கி எறியத் தோன்றியது.
பத்திரமாகக் கொண்டுவந்து தந்தேன்.

பிறகு அந்த மஞ்சள் அட்டைப் புத்தகம்.
தீவில் கடிதம் கொடுக்கிற மனிதன்.
உறையின் எடையை வைத்தே
உள்ளே சாவா கல்யாணமா என்று சொல்லிவிடுவான்.
ஒரு கடிதத்தை மட்டும் ஒன்பது வருடம்
பையின் அடியிலேயே வைத்திருக்கிறான்.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
அந்தக் கதவின் முன் நிற்கிறான்,
கை உயர்ந்திருக்கிறது.

நவம்பரில் தவணை நீட்டிக்க
அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.
நடுவழியில் மின்சாரம் போயிற்று.
பெட்டி நின்றது, பின் ஆடியது,
ஆடிக்கொண்டே இருந்தது.
ஜும்பெரைக் கூப்பிட எழுந்தேன்,
கண்ணாடி இல்லாத சன்னலில் தலையை நீட்டினேன்,
கக்கத்திலிருந்து புத்தகம் நழுவிற்று.

பறவைபோல என்று எழுத ஆசைதான்.
கோழிபோல விழுந்தது, லமாரா,
சிறகடித்து, கோணலாக.
என் கண் அதைப் பிடிக்கப் போய்
அதோடு கீழே இறங்கிவிட்டது.
ஓக் மரத்தின் உச்சி.
துருப்பிடித்த தண்டவாளம்.
கறுப்பாக ஓடும் ஆறு,
அதில் ஒரு மஞ்சள் புள்ளி, பிறகு அதுவும் இல்லை.
யாரோ கொடியில் மறந்த ஒற்றைக் காலுறை.
அப்புறம் என் வீடு. தகரக் கூரை, புகைக்குழாய்,
குழாயில் புகை.
அடுப்பை அணைக்காமல் வந்திருக்கிறேன்!
நாற்பது நிமிடம்
அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
என்னை நானே திட்டியபடி.

பயம் போய்விட்டதா என்றார் ஜும்பெர்,
கொக்கியைக் கழற்றும்போது.
இல்லை. இன்னும் தரையில்தான் உட்காருகிறேன்.

ஆனால் உன் மேசைக்கு வந்து
'புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டேன்' என்றேனே, அது பொய்.
பள்ளியிலும் நீதான் வகுப்புத் தலைவி.
பெட்டியைவிட உன் கண்ணாடிக்குத்தான்
எனக்கு எப்போதும் நடுக்கம்.
ஒரு மாதமாகச் சொல்ல வருகிறேன்,
வானிலை பேசிவிட்டுப் போகிறேன்.

முதல் கோட்டில் மஞ்சள் புத்தகம்.
அவன் தட்டினானா என்று தெரியாமலே எழுதுகிறேன்.
இரண்டாவதில் தேனீ.
மூன்றாவதில், அபராதம் எவ்வளவு?
காசு குறைந்தால் அக்ரூட் வாங்கிக்கொள்வாயா?

சனிக்கிழமை வருகிறேன்.
காற்று பலமாக இருந்தால் ஜும்பெர் பெட்டியை விடமாட்டார்.
அதற்கு என்னைக் குற்றம் சொல்லாதே.

குலிகோ