எண்பத்திரண்டு

எண்பத்தொன்றுவரை ஒன்றுமில்லை.
பாலம்போட்டாறு கழிந்து தெரு நிமிரும் இடத்தில்
முள் எண்பத்திரண்டைத் தொட்டதும்
ஸ்டியரிங் வளையத்துக்குள் ஒரு வண்டு
உள்ளங்கை இரண்டையும் குடையத் தொடங்கும்.
தொண்ணூற்றைந்தில் போய்விடும்.
வேகம் இறங்கும்போது அதே இடத்தில் காத்திருக்கும்.

அறுபது தவணையில் இரண்டு கட்டிய கார்.
இருக்கைப் பொலித்தீனை உரிக்கக்
கமலநேசன் இன்னும் சம்மதிக்கவில்லை.
"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்கிறான்
பக்கத்துச் சீற்றில், கச்சான் உரித்தபடி.
"உனக்குத்தான் கை நடுங்குது. பிறஷரைப் பார்."
பார்த்தேன். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு.
டயரிலும் பார்த்தேன். நாலிலும் முப்பத்துமூன்று.

கொழும்புக் கம்பெனிக்காரர் தொலைபேசியில் கனிவானவர்.
"மிஸ், எழுபதுக்கு மேலே ஓடுறது சட்டப்படி பிழைதானே?"
நோய்க்கு மருந்து,
நோயாளி எழும்பாமல் இருப்பது.

நான் பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறவள்.
நாளுக்கு நாற்பது நெஞ்சு.
கோடு நடுங்கினால் உடனே நெஞ்சைச் சந்தேகிப்பதில்லை.
முதலில் வயர், பிறகு பிடிப்பு, பிறகு மின்விசிறி,
பிறகு, குளிரில் வெடவெடக்கும் ஆளுக்கு ஒரு போர்வை.
எல்லாம் தீர்ந்த பிறகுதான் இதயம்.

ஆகவே ஒரு கொப்பி போட்டேன்.
எண்பத்தைந்தில் நியூட்ரலுக்கு விட்டேன்: வண்டு இருந்தது.
எஞ்சின் இல்லை.
பிறேக்கில் கால் வைத்தேன்: கூடவில்லை, குறையவில்லை.
பிறேக் இல்லை.
கந்தளாய்ப் பக்கத்துப் புதுத் தார்,
முள்ளிப்பொத்தானையில் ஒட்டுப்போட்ட தார், இரண்டிலும்.
தெரு இல்லை.
மழை நாள். வெயில் நாள். தாங்கி நிரம்பிய நாள்.
ஒரு நாள் மாடுகள் குறுக்கே படுத்திருந்ததால்
சோதனை தள்ளிவைக்கப்பட்டது.

அனுராதபுரச் சந்தியில் பௌமியின் கடை.
நாலு சில்லையும் கழற்றிச் சுழற்றினான்.
மெஷின் பச்சை எழுத்தில் சொன்னது:
பூச்சியம், பூச்சியம், ஐந்து கிராம், பூச்சியம்.
ஐந்து கிராம் ஈயத்தை ஒட்டிவிட்டுக் காசு வாங்க மறுத்தான்.
"வருத்தம் இது இல்ல. நீங்க திரும்பி வருவீங்க."

திரும்பிப் போனேன்.
முன்சில்லுகளைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினான்.
"இப்ப ஓடுங்க.
நடுக்கம் எங்க போகுதெண்டு மட்டும் பாருங்க."

பாலம்போட்டாறு. எண்பத்திரண்டு.
ஸ்டியரிங் மூச்சுக் காட்டவில்லை.
பின்சீற்றில் படுத்திருந்த கமலநேசன் எழும்பினான்.
அவனுக்குக் கீழே பொலித்தீன்
கிர்ர்ரென்று பேசத் தொடங்கியிருந்தது.
"இது என்ன சத்தம்?"
நான் பதில் சொல்லவில்லை.
தொண்ணூற்றைந்துக்கு ஏறி அதன் வாயை அடைத்தேன்.
எண்பத்தெட்டுக்கு இறங்கிப் பேச வைத்தேன்.
மறுபடி அடைத்தேன்.
கச்சான் சரையை அவன் கீழே வைத்தான்.

பின் இடது சில்லு.
ஜாக்கில் தூக்கி, டயருக்கு முன்னால்
ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் பிடித்து,
மற்றக் கையால் மெல்ல உருட்டினான் பௌமி.
கறுப்பில் வெள்ளைக்கோடு ஓடி வந்து
ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போய்
மறுபடி தொடங்கியது.
எடை சரி. வட்டம்தான் சரியில்லை.
கப்பலிலோ துறைமுக யார்டிலோ
மாதக்கணக்கில், காற்றுக் குறைந்து,
ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.
நின்ற கதையை நொடிக்குப் பதின்மூன்று தரம்
தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

புது டயர் வர மூன்று கிழமை.
கம்பெனி பாதிக் காசு தந்தது,
"நல்லெண்ணத்தின் பேரில்" என்று எழுதி.

நேற்று டியூட்டி முடிந்து தனியாகப் போனேன்.
பொலித்தீன் முழுவதையும் உரித்து
டிக்கிக்குள் சுருட்டியிருந்தேன், யாரையும் கேட்கவில்லை.
எண்பத்திரண்டு. எண்பத்தைந்து. தொண்ணூறு.
ஒன்றுமில்லை.
கந்தளாய்க் குளக்கட்டுத் தெரிய வேகத்தைக் குறைத்துக்
கண்ணாடிகளை ஏற்றினேன்.
அந்த அமைதியில்தான் கேட்டது,
வலது பின்கதவுக்குள் எங்கோ,
மிகச் சின்னதாய், ஒரு
டிக்.

முள்ளைப் பார்த்தேன்.
அறுபத்தேழு.
சட்டப்படி சரி.