ஐம்பத்து மூன்றரை

கடைக்காரர் அரை மீட்டருக்குக் குறைத்து வெட்டமாட்டார்.
எனக்கு வேண்டியது ஒரு சாண்.
ஜாலான் சுல்தானில் நெடுநேரம் நின்று
மஞ்சளில் நீல மீன் போட்ட பருத்தியை
மடித்து வாங்கி ஈசூனுக்குத் திரும்பினேன்.

பாடம் கைபேசியில், ஏழு நிமிடம்.
ஒரு பெண் சிரித்துக்கொண்டே தைக்கிறாள்.
"முதலில் தலையை அளந்துகொள்ளுங்கள்" என்கிறாள்.
அங்கேயே நிறுத்திவிட்டேன்.

தாரகையின் தலை எத்தனை?

காலணி அளவு தெரியும்.
மைலோவுக்கு எத்தனை கரண்டி என்று தெரியும்.
நடுவழியில் நிற்கும் மின்தூக்கி
எந்தச் சத்தத்தில் எந்தத் திருகைக் கேட்கிறது என்று
பதினாறு வருடமாகத் தெரியும்.
சனிக்கிழமைதோறும் என் தோளில் சாய்ந்து
படம் பார்க்கும் தலை
எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியவில்லை.

விலாசினிக்கு அனுப்பினேன்: "தலை அளவு?"
அதற்கு மேலே எங்கள் பழைய பேச்சு நின்றது:
"பணம் போட்டாச்சு." "வந்தது."
"ஆறு மணி." "சரி."
மூன்று மணி நேரம் கழித்துப் பதில்:
"52."
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
"போன வருசம் 52. இப்ப யாருக்குத் தெரியும்."

சாப்பாட்டு மேசையில் விரித்து
அடிக்கோல் வைத்து நேராகத்தான் வெட்டினேன்.
மீன்கள் எந்தப் பக்கம் நீந்துகின்றன என்று பார்க்கவில்லை.
நல்ல பக்கத்தை உள்ளே வைத்து
ஓரம் தைத்துத் திருப்ப வேண்டும்.
திரும்பவில்லை.
சாப்ஸ்டிக்கால் தள்ளினேன், முறுக்கிக்கொண்டது.
குப்பை போட வந்த எதிர்வீட்டுக் காக் ரொஹாயா
கம்பிக்கதவு வழியே பார்த்துக்கொண்டே நின்றார்.
உள்ளே போய் ஓர் ஊக்குடன் வந்து
கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்.
"குத்தி, தாரிக். பெலான் பெலான்."
ஊக்கு முன்னே போக, துணி பின்னே வர,
கசங்கிய மஞ்சள் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

எலாஸ்டிக்கும் அதே ஊக்கில் போயிற்று.
மூன்று மணிகள் கோத்துத் தைத்தேன்.
நாலாவது உருண்டு எங்கோ போனது.
தேட நேரமில்லை.
பொத்தோங் பாசிரில் ஒரு மின்தூக்கி
ஆறாம் மாடிக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டதாம்.

சனிக்கிழமை.
போட்ட ஐந்தாவது நிமிடம்
"காதுக்குப் பின்னால கடிக்குதுப்பா" என்றாள்.
கழற்றினால் சிவப்புக் கோடு.
வேலைப்பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துச் சுற்றினேன்.
"சில்லுனு இருக்கு" என்று தோளைக் குறுக்கினாள்.
ஐம்பத்து மூன்றரை.
அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
ஒன்றரை சென்டிமீட்டர்
எங்கள் இருவரையும் கேட்காமல் வளர்ந்திருக்கிறது.

பிரித்தேன். எலாஸ்டிக் மிச்சமில்லை.
தொற்றுக்காலத்து முகக்கவசம்
அலமாரியில் அரைப்பெட்டி கிடந்தது.
ஒன்றின் காதுக்கயிற்றை வெட்டி உள்ளே முடிச்சிட்டேன்.
அவள் சப்பணமிட்டு உட்கார்ந்து
நூலைப் பிடித்தபடி என் தையலை எண்ணினாள்.
பதினொன்றில் சலித்துப்போய் மைலோ கேட்டாள்.

ஞாயிறு, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்.
மின்தூக்கியின் எஃகுச் சுவரில்
கலங்கித் தெரிந்த தன்னை
இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.
"மீனெல்லாம் தலைகீழா நீந்துது."
"ஆமா."
"பரவால்ல. நான் குட்டிக்கரணம் போட்டா நேராயிடும்."

கீழ்த்தளத்தில் விலாசினி நின்றிருந்தாள்.
மஞ்சள் பட்டையின் மேல்
தையல் ஓடிய வழியில் ஒருமுறை விரலை ஓட்டி,
"எத்தனை?" என்றாள் என்னிடம்.
சொன்னேன்.
கைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

மேலே வந்து விளக்கைப் போடுவதற்குள்
நாலாவது மணி
காலில் குத்தியது.